பள்ளத்தின் பக்கம் நிற்பவர்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் ஒரு விதி உண்டு. கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை கடுமையான ஏற்றம். அந்த ஏற்றத்தில் எஞ்சின் வண்டிக்கு முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. அதே வண்டி இறங்கி வரும்போது எஞ்சின் முன்னால் இருக்கும், பெட்டிகள் அதன் பின்னால் வரும். ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, எஞ்சின் இருப்பது பள்ளத்தின் பக்கம்தான். வழியில் இணைப்பு ஏதாவது தளர்ந்தாலும் பெட்டிகள் எஞ்சின்மேல்தான் வந்து சாயும். சரிவில் தாமாக உருண்டு ஓடாது. பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், கணவன் மனைவிக்கும், அரசாங்கத்துக்கும்கூட இதைவிட நல்ல பாடம் வேறில்லை என்பது எழுபதைத் தாண்டிய என் நம்பிக்கை.

நான் குறிஞ்சிப்பாடிக்காரன். நெல்லும் முந்திரியும் விளைகிற சமவெளி எங்கள் பூமி. தெருவில் நடந்தால் கைலி நெய்யும் தறிச்சத்தம் கேட்கும். எங்கள் ஸ்டேஷனில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மேடு தெரியாது. ஆசிரியராக இருந்த காலத்தில் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துக்கொண்டு விருத்தாசலம், சேலம் வழியாக ஊட்டிக்குப் போவோம். அவர்களுக்குப் படகும் பூங்காவும் போதும். எனக்குக் குன்னூர் ஸ்டேஷன்தான் ஊட்டி. நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டும் அந்த இடைவேளையில் அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். அவர்கள் சொன்னதையும் பிறகு நானாகப் படித்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

அந்தப் பாதை எளிதில் வந்துவிடவில்லை. நீலகிரிக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854இலேயே எழுந்தது. சுவிட்சர்லாந்தில் 1871இல் ரிகி மலைக்குப் பல் தண்டவாளம் போட்டுக் காட்டிய நிக்லாஸ் ரிகன்பாக் என்ற பொறியாளர் 1880களில் நீலகிரிக்கே வந்து பார்த்துத் திட்டம் கொடுத்தார். 1891இல் வேலை தொடங்கியது. எடுத்து நடத்திய கம்பெனி 1894இல் நொடித்துப்போனது. வேறொரு கம்பெனி கையில் எடுத்து, 1899 ஜூன் மாதத்தில் குன்னூர் வரை வண்டி ஓடியது. ஊட்டியை எட்ட 1908 ஆயிற்று. பேச்சுத் தொடங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல். மொத்தத் தூரமோ 46 கிலோமீட்டர். அதற்குள் 16 சுரங்கங்கள், 208 வளைவுகள், ஏறத்தாழ 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு, 12 அடி போனால் ஓர் அடி உயரம் என்ற கணக்கில் பாதை ஏறுகிறது. வழக்கமான இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும்படி மாற்றி மாற்றி வைத்திருப்பதால், எஞ்சினின் பல் சக்கரம் ஒரு பல்லை விடுவதற்குள் அடுத்ததைப் பிடித்துவிடும். ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்ட முறை இது. இந்தப் பகுதியில் வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. வேகத்தை வேண்டாமென்று விட்டுப் பிடியை வைத்துக்கொண்ட வண்டி அது. அதனால்தான் நூறாண்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் பின்னால் இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தள்ளுகிற டிரைவருக்கு எதிரே உள்ள பாதை தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் பெட்டியின் முதுகு. அதனால் முதல் பெட்டியின் முன்மேடையில் ஒருவர் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்துக்கொண்டு நிற்பார். பாதையைப் பார்ப்பவர் அவர். அவர் காட்டுகிற கொடியை நம்பித்தான் பின்னால் இருப்பவர் நீராவியைத் திறக்கிறார்.

என் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். அவள் தாய் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனவர். ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் தோல் எப்போதும் உரிந்தே இருக்கும். அந்தப் பெண் நர்ஸிங் படிக்கப் போனாள். கல்லூரியில் என்ன பாடம், எந்தப் புத்தகம், என்ன பரீட்சை என்று தாய்க்கு எதுவும் தெரியாது. விடுதிக் கட்டணம் கட்டும் தேதி மட்டும் தெரியும். அது ஒருமுறையும் தவறியதில்லை. மகளும் ஊருக்கு வரும்போதெல்லாம் எது கஷ்டமாக இருக்கிறது, எது பிடிபட்டுவிட்டது என்று தாயிடம் உட்கார்ந்து சொல்வாள். தாய்க்குப் பாதி புரியாது. ஆனாலும் எங்கே கூடுதலாகத் தாங்க வேண்டும் என்பது புரிந்தது. பாதையைத் தான் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாய் ஆசைப்படவில்லை. பாதையைப் பார்க்கிறவள் தான்தானே என்று மகளும் தாயிடம் சொல்லாமல் இருக்கவில்லை.

பெற்றோரில் இரண்டு வகையினரை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு வகையினர் முன்னால் நின்று இழுப்பார்கள். என்ன படிப்பு, எந்த ஊர், யார் சிநேகிதம் எல்லாம் அவர்கள் தீர்மானம். இன்னொரு வகையினர் பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று சொல்லி விலகிக்கொள்வார்கள். முதல் வகையினரின் பிள்ளைகளுக்குக் கையை விட்டதும் நிற்கத் தெரிவதில்லை. இரண்டாம் வகையினரின் பிள்ளைகள் சறுக்கினால் தடுக்க ஆளில்லை. பிள்ளைக்கு முன்னால் வழியைத் திறந்து வைத்துவிட்டு, அவன் சாய்ந்தால் நம் மேல்தான் சாய்வான் என்று தயாராக நிற்பது மூன்றாவது வழி. கஷ்டமானது அதுதான். நின்று தாங்கியவரை யாரும் புகழ்வதும் இல்லை. வண்டி மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோர் கண்ணும் மலையின்மேல்தான்.

இந்த ரயிலை எதற்காகப் போட்டார்கள் என்று பார்த்தாலும் இதே உண்மை வேறொரு பக்கத்திலிருந்து விளங்கும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறியதிலிருந்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அந்த மலை உடல் தேறும் இடமாயிற்று. நோய்ப்பட்ட சிப்பாய்களுக்காக 1850களில் வெலிங்டனில் பாசறை எழுந்தது. பிறகு சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்கு இடம் மாறியது. மலைக்காற்று நோயைத் தீர்க்கும் என்று அன்று உலகம் முழுக்க நம்பினார்கள். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற மலையூருக்குக் காசநோயாளிகள் ஐரோப்பா முழுவதிலுமிருந்து வந்தார்கள். 1890இல் அந்த ஊருக்கு ரயில் வந்தது. தாமஸ் மான் 1924இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவல், கதாநாயகன் அந்த ஊர் ஸ்டேஷனில் வந்து இறங்குவதில்தான் தொடங்குகிறது. நோயாளிகள் வெயிலில் சாய்ந்து படுக்கும் ஊராக இருந்தது டாவோஸ். இன்று பனியில் சறுக்கி விளையாட வருகிறவர்களின் ஊர்.

அந்த நோயாளிகள் எங்கே போனார்கள்? 1943இல் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்தடுத்து வேறு மருந்துகளும் வந்தன. மலையேறிப் படுத்துக் கிடக்க வேண்டிய தேவை போயிற்று. நோயாளிகள் தங்கியிருந்த சானடோரியங்கள் ஹோட்டல்களாக மாறின. இந்தக் கதையில் ஒரு பெரிய பங்கு நம் சென்னைக்கு உண்டு. அது நம்மில் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் நோயுற்றபோது 1917இல் சிறிது காலம் அங்கே இருந்தார். அதே சௌரிமுத்து தாய்நாட்டுக்குத் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். ஊட்டியில் இல்லை, கொடைக்கானலில் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில், சமவெளியில். மலையேற வசதியில்லாதவருக்கும் எட்டுகிற இடம் அது. தாம்பரம் சானடோரியம் என்ற பெயரில் மின்சார ரயில் இன்றைக்கும் அங்கே நின்று போகிறது.

அடுத்த அடியும் சென்னையில்தான் வைக்கப்பட்டது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு நான்கும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அதை வழிநடத்தினார். சென்னை நகரத்தின் ஏழைக் காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் படுக்கையில் வைத்து, நல்ல உணவும் கவனிப்பும் கொடுத்து மருந்து தந்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்தை அவரவர் வீட்டிலேயே இருந்து சாப்பிடக் கொடுத்தார்கள். வீடு நெருக்கடி, சாப்பாடு போதாது, வேலைக்கும் போயாக வேண்டும். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறினார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் ஒட்டுவதும் அதனால் கூடிவிடவில்லை. தவறாமல் மருந்து சாப்பிடுவதில்தான் எல்லாம் இருந்தது. படுக்கையிலும் காற்றிலும் இல்லை. இந்த முடிவுதான் உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் தறிக்காரர் ஒருவருக்கு நெஞ்சில் சளி கட்டி ரத்தம் வந்தது. காசம் என்று தெரிந்ததும் அவர் வீட்டு வாசலில் நின்று பேசுவதைக்கூட ஊர் நிறுத்திக்கொண்டது. அவர் மனைவி மட்டும் மாத்திரைப் பொட்டலத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். உலை வைக்கும்போது மாத்திரை. அதில் மறதிக்கு இடமில்லை. மாதங்கள் செல்லச் செல்ல, உடம்பு தேறிவிட்டது, போதும் என்று அவர் சொல்ல, இன்னும் இருக்கிறது என்று அந்த அம்மாள் சொல்ல, தினமும் அந்த வீட்டில் சண்டை. கடைசி மாத்திரை வரை அந்த அம்மாள் விடவில்லை. அந்த மனிதர் மீண்டும் குழித்தறியில் இறங்கி, பேரன் எடுத்தார். சென்னை ஆய்வைப் பற்றி அந்த அம்மாள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த ஆய்வு சொன்னதைச் செய்து காட்டியவர் அவர்தான்.

குன்னூரையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1907இல் அங்கே பாஸ்டியர் ஆய்வு நிலையம் திறந்தார்கள். வெறிநாய் கடித்தவர்கள் ஊசிக்காகச் சமவெளியிலிருந்து மலையேறிப் போனார்கள். பின்னாளில் அங்கே தயாரான தடுப்பூசி மற்ற ஊர் மருத்துவமனைகளுக்கு இறங்கி வந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அதே இடத்தில் உணவு ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தீட்டிய அரிசியையே நம்பியிருக்கும் நம் பக்கத்துச் சாப்பாடு எவ்வளவு சத்துக் குறைந்தது என்று காட்டினார். அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மலையில் கிடைத்த ஞானம் மலையிலேயே தங்கியிருந்தால் அதனால் நாலு கனவான்களுக்குத்தான் லாபம். இறங்கி வந்ததால் ஏழை வீட்டுப் பானைக்கும் ஊசி போடும் அறைக்கும் அது பயன்பட்டது.

எங்கள் பக்கத்து ஊர் வடலூரில் வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி தருமசாலையைத் தொடங்கினார். அக்கினி நட்சத்திர வெயிலில் அதிகாரிகள் குளிர்ச்சி தேடி மலையேறிய காலம் அது. அதே வெயிலில், அனல் வீசும் சமவெளியில், பசித்து வந்தவனுக்குச் சோறு என்று அடுப்பு மூட்டினார் அவர். அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசியும் ஒரு நோய்தான், அதற்கு மருந்து சோறுதான் என்று அவர் கண்டதை இன்றைய மருத்துவமும் தன் வழியில் சொல்கிறது. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. காசநோயாளியின் வீட்டாருக்குச் சத்துள்ள உணவுப்பொருள் கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. சிகிச்சையில் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. பள்ளத்தில் இருப்பவன் பக்கம் அரசாங்கம் நிற்பது என்றால் இதுதான்.

இனி இறக்கத்துக்கு வருகிறேன். என் வயதுக்காரர்களுக்கு அதுதான் முக்கியம்.

மலை ரயில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதிக எச்சரிக்கை காட்டுகிறார்கள். எஞ்சினில் மட்டுமே பலவகை பிரேக்குகள் உண்டு. பல் சக்கரத்துக்கென்று தனி பிரேக் இருக்கிறது. அதோடு விடுவதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். அந்தந்தப் பெட்டியை அவரவர் பிடித்தாக வேண்டும். முன்னால் எஞ்சின் தாங்குகிறதே என்று எந்தப் பெட்டியும் தன் பாரம் முழுவதையும் அதன் தலையில் போடுவதில்லை.

முதியவர்களான நாம் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும் காலத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று நம்மைத் தாங்குவது அவர்கள் கடமை. ஆனால் நம் கையிலும் ஒரு பிரேக் இருக்கிறது. நாக்கைக் கட்டுவது, நடையை விடாதிருப்பது, சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுவது, மருமகள் வைக்கும் குழம்பைக் குறை சொல்லாதிருப்பது, இருக்கும் சேமிப்பைக் கண்டவர் பேச்சைக் கேட்டு இழக்காதிருப்பது. இவற்றைப் பிள்ளைகள் நமக்காகச் செய்ய முடியாது. நான் வளர்த்தேன், இனி அவர்கள் பாடு என்று சொல்கிற வீடுகளில் தாங்குகிற பிள்ளையும் சேர்ந்து சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள். நல்லது. ஆனால் இறங்குகிற வண்டிக்கு முன்னால் நிற்பது என்றால் பாரம் தெரிகிற தூரத்தில் நிற்பது. அப்பா மருந்துக்கடைக்குத் தனியே போகிறாரா, அம்மா ராத்திரி எழுந்தால் விளக்கு ஸ்விட்ச் கைக்கு எட்டுகிறதா, ஆஸ்பத்திரியில் சொன்னது அவர்களுக்குப் புரிந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வர முடியாவிட்டால், போய்ப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

2009 நவம்பர் மழையில் மலை ரயில் பாதை பல இடங்களில் மண்ணோடு போயிற்று. மேட்டுப்பாளையம் வண்டி மாதக்கணக்கில் ஓடவில்லை. இந்தக் காலத்தில் இதற்கு ஏன் செலவு என்று விட்டுவிடவில்லை. பாறையை அகற்றி, சுவர் கட்டி, பல் தண்டவாளத்தை மறுபடி பதித்தார்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்த எஞ்சின்களுக்கு வயதானபோது, அதே வகை எஞ்சினைத் திருச்சி பொன்மலைத் தொழிற்கூடத்தில் நம்மவர்களே புதிதாகச் செய்தார்கள். தாங்குகிறவர்களும் தேய்வார்கள். அவர்களையும் பழுது பார்க்க வேண்டும், ஓய்வு கொடுக்க வேண்டும், அடுத்தவரைத் தயார் செய்ய வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு தராத குடும்பம், நோயாளியையும் சேர்த்தே இழக்கிறது.

நம் தெருவில் யாருக்காவது இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஒதுங்கிப் போகாமல் அரசு மருத்துவமனைக்குக் கூடவே போய்ச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மருந்து இலவசம், சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் போதும். இடையில் நிறுத்திவிடாமல் கடைசி மாத்திரை வரை அவரோடு இருங்கள். உங்களால் ஒரு குடும்பம் நிமிரும்.